பிரிண்ட் கொடுத்தாச்சு, பேப்பர் எங்கே? சர்வர் வழி பிரிண்டிங் தாமதத்தை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"பிரிண்டர் ரொம்ப ஸ்லோ" என்று யாராவது சொன்னதும் சர்வரில் போய் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை (கொடுத்த பிரிண்ட்களை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராம்) ரீஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலான ஆபீஸ்களில் முதல் வேலை. கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியானது போலவே இருக்கும், ஏனென்றால் மாட்டிக்கொண்டிருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்து புதிதாகத் தொடங்குகின்றன. மறுநாள் காலையில் அதே ஆள், அதே புகார். ரீஸ்டார்ட் செய்ததில் இன்னொரு நஷ்டமும் உண்டு, தாமதம் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டக்கூடிய தடயமும் அதோடு போய்விடுகிறது. அதனால் எதையும் தொடுவதற்கு முன் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் விண்டோஸ் சர்வரில் பிரிண்டரை ஷேர் செய்து வைத்திருக்கும் அமைப்புக்கு. லினக்ஸில் கப்ஸ் என்ற பிரிண்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

சர்வரில் அந்த பிரிண்டரின் கியூ விண்டோவைத் திறந்து வையுங்கள், அனுப்பிய ஒவ்வொரு பிரிண்டும் ஒரு ஜாப்பாக அங்கே வரிசையில் நிற்கும். ஒருவர் பிரிண்டர் பக்கத்தில் நிற்கட்டும். நோட்பேடில் ஒரே ஒரு வரி அடித்து பிரிண்ட் கொடுங்கள். கவனிக்க வேண்டியது மூன்று நேரம்: பட்டனை அழுத்தியதிலிருந்து கியூவில் ஜாப் தெரியும் வரை, கியூவில் தெரிந்ததிலிருந்து பிரிண்டரின் டேட்டா விளக்கு மின்னும் வரை, விளக்கு மின்னியதிலிருந்து முதல் தாள் வெளியே வரும் வரை. முதல் துண்டு நீளமாக இருந்தால் கோளாறு யூசரின் கணினியிலோ அதற்கும் சர்வருக்கும் நடுவிலோ இருக்கிறது. இரண்டாவது நீளமானால் சர்வரின் போர்ட் அமைப்பு அல்லது சர்வருக்கும் பிரிண்டருக்கும் நடுவிலுள்ள நெட்வொர்க். மூன்றாவது நீளமானால் பிரிண்டரோ டிரைவரோ. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் டிரைவரை மாற்றுவதும் கேபிளை மாற்றுவதும் இருட்டில் துழாவுகிற வேலை.

நோட்பேடில் வேகமாக வந்து, அவர்கள் புகார் சொன்ன பிடிஎஃப் மட்டும் தாமதமானால் அதுவே பாதி விடை. நேராக "சின்ன ஃபைல் வருகிறது" என்ற பகுதிக்குப் போகலாம்.

இன்னொன்று, ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரிண்ட்சர்வீஸ் என்று உள்ளே போனால் ஆபரேஷனல் என்று ஒரு லாக் இருக்கும். இயல்பாக அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், வலது கிளிக் செய்து எனேபிள் லாக் கொடுங்கள். அதன் பிறகு அச்சாகி முடியும் ஒவ்வொரு ஜாப்புக்கும் 307 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும்: யார் கொடுத்தது, எந்த பிரிண்டர், எந்த போர்ட், எத்தனை பைட், எத்தனை பக்கம். இந்த பைட் கணக்கு ரொம்ப உபயோகமானது. 2 பக்க ஆவணம் 180 எம்பி என்று அங்கே நின்றால் நெட்வொர்க்கைத் திட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: பிரிண்ட் பெட்டி திறக்கவே நேரமாகிறது

வேர்டில் கன்ட்ரோல் பி அழுத்தினால் விண்டோ உறைந்து நிற்கிறது, சில சமயம் வேர்டோ எக்ஸெலோ திறப்பதற்கே தாமதம். இவை இரண்டும் பக்க அளவும் ஓரமும் கணக்கிட டிஃபால்ட் பிரிண்டரைக் கேட்கின்றன. அந்த டிஃபால்ட் பிரிண்டர் எப்போதோ எடுத்துவிட்ட பழைய சர்வரின் பெயரில் இருந்தால், பதில் வராத இடத்தில் கேட்டுக் காத்திருந்து, காலம் கடந்த பிறகுதான் அடுத்த வேலை நடக்கும்.

டிஃபால்ட்டை மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்று மாற்றிப் பாருங்கள். பெட்டி உடனே திறந்தால் விஷயம் முடிந்தது: பட்டியலில் உள்ள செத்துப்போன பிரிண்டர் இணைப்புகளை நீக்குங்கள். நீக்கியும் அடுத்த லாகினில் திரும்ப முளைத்தால் குரூப் பாலிசியிலோ (எல்லா கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து போகும் அமைப்பு) லாகின் ஸ்கிரிப்டிலோ பழைய சர்வரின் பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அங்கே போய் எடுக்க வேண்டும். "விண்டோஸே டிஃபால்ட் பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற விருப்பத்தையும் அணைத்துவிடுங்கள், அது கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தார்களோ அதையே டிஃபால்ட்டாக்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: ஓகே கொடுத்தாச்சு, சர்வர் கியூவில் பெயரே வரவில்லை

எல்லா கணினியிலுமா, சிலவற்றில் மட்டுமா என்று முதலில் கேளுங்கள். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினிகளில் மட்டும் தாமதம், பழையவை நன்றாக இருக்கின்றன என்றால் ஒரு குறிப்பிட்ட சந்தேகம் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து பிரிண்ட் சர்வரோடு பேசுவது இயல்பாக டிசிபி வழி ஆர்பிசி (ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை சொல்லும் முறை) என்று மாறிவிட்டது. அதற்கு முன் நேம்டு பைப் வழியாக, அதாவது ஃபைல் ஷேரிங் போகும் பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. நேம்டு பைப்புக்கு 445 போர்ட் திறந்திருந்தால் போதும். டிசிபி வழிக்கு 135-ம், அதோடு 49152-க்கு மேலுள்ள போர்ட்களில் ஏதாவது ஒன்றும் வேண்டும். நடுவில் ஃபயர்வால் இருந்து அது 445-ஐ மட்டும் அனுமதித்தால் கணினி முதலில் டிசிபியில் முட்டிப் பார்த்துவிட்டு நிற்கும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி போர்ட்டைத் திறப்பதுதான் சரியான வழி. குரூப் பாலிசியில் இந்த ஆர்பிசிக்கு ஒரே ஒரு நிலையான போர்ட்டைக் கட்டிவைத்து அதை மட்டும் திறக்கலாம். பழையபடி நேம்டு பைப்புக்கே மாற்றவும் பாலிசி இருக்கிறது, அவசரத்துக்கு அது போதும்.

எல்லா கணினியிலும் என்றால் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பாருங்கள். சர்வரின் பெயரை என்எஸ்லுக்கப் கட்டளையில் கொடுத்து வருகிற ஐபி சரிதானா என்று பாருங்கள். ஒரே பெயருக்கு இரண்டு ஐபி வந்து, அதில் ஒன்று எப்போதோ கழற்றிய நெட்வொர்க் கார்டுடையது என்பது நிறைய நடக்கிறது. அப்போது பாதி நேரம் வேகமாகவும் பாதி நேரம் மெதுவாகவும் இருக்கும், யூசர்கள் சொல்வதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

வேறு கிளையிலிருந்து விபிஎன் வழியாக வந்து, தலைமை அலுவலக சர்வரைத் தொட்டு, பிரிண்ட் திரும்பவும் அதே கிளைக்குப் போகிறதா? அப்படியானால் ஜாப் அந்த மெல்லிய லைனில் இரண்டு முறை பயணம் செய்கிறது. விண்டோஸ் சர்வர் 2012-இலிருந்து பிராஞ்ச் ஆபீஸ் டைரக்ட் பிரிண்டிங் என்று ஒரு வசதி இருக்கிறது. பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் அந்த பிரிண்டரை வலது கிளிக் செய்து அதை இயக்கினால் கிளைக் கணினி நேராக பக்கத்திலுள்ள பிரிண்டருக்கே டேட்டாவை அனுப்பும், அமைப்பு விவரங்களுக்கு மட்டும் சர்வரைக் கேட்கும். கிளைகள் உள்ள இடத்தில் இதைச் செய்யாமல் விட்டிருப்பது வெறும் கவனக்குறைவுதான்.

அறிகுறி: கியூவில் உடனே வருகிறது, பிரிண்டர் அசையவில்லை

அதிகமான தாமதங்கள் இங்கேதான் கிடைக்கும். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் போர்ட்ஸ் டேபைத் திறந்து, டிக் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட் என்றால் மேலே ஆராய்ச்சியே வேண்டாம், மாற்றிவிடுங்கள். விண்டோஸ் தானாக பிரிண்டரைக் கண்டுபிடிக்கும்போது போட்டுக்கொள்கிற போர்ட் அது. வீட்டில் ஒரு பிரிண்டருக்குச் சரி. சர்வரில் அதை வைத்திருக்க எந்த நல்ல காரணமும் எனக்குத் தெரியவில்லை. பிரிண்டர் தூங்கி எழுந்தாலோ ஐபி மாறினாலோ ஆஃப்லைன் என்று காட்டிவிட்டு நிற்கும். ஆட் போர்ட் கொடுத்து ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் ஒன்றைச் சேர்த்து, பிரிண்டரின் ஐபியைக் கொடுத்து, புரோட்டோகால் ரா, எண் 9100 என்று வையுங்கள். அந்த ஐபி மாறாமலிருக்க ஐபிகளைப் பங்கிடும் டிஹெச்சிபியில் ரிசர்வேஷன் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே டிசிபி/ஐபி போர்ட்தான் என்றால் கன்ஃபிகர் போர்ட் அழுத்துங்கள். அடியில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு என்று ஒரு டிக் இருக்கும், பக்கத்தில் கம்யூனிட்டி நேம் என்ற இடத்தில் பப்ளிக் என்றிருக்கும். சர்வர் இதை வைத்து யுடிபி 161 வழியாக பிரிண்டரின் நலம் விசாரிக்கிறது. பாதுகாப்புக்காக யாராவது பிரிண்டரில் எஸ்என்எம்பியை மூடியிருந்தாலோ, பப்ளிக் என்பதை வேறு சொல்லாக மாற்றியிருந்தாலோ கேள்விக்குப் பதிலே வராது. சர்வர் காத்திருக்கும், பிரிண்டர் ஆஃப்லைன் என்று முடிவு கட்டும், பிறகு திடீரென்று ஆன்லைன் என்று மனம் மாறி மொத்தமாகத் துப்பும். பிரிண்டரை பிங் செய்தால் பதில் வருகிறது, வெப் பேஜ் திறக்கிறது, ஆனாலும் சர்வரில் ஆஃப்லைன் என்றால் இதுதான் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கம்யூனிட்டி பெயரைச் சரியாகக் கொடுங்கள், அல்லது டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தால் பேப்பர் தீர்ந்தது, மூடி திறந்திருக்கிறது போன்ற தகவல் சர்வரில் சரியாக வராது, பெரும்பாலான இடங்களில் அது யாருக்கும் குறையாகத் தோன்றுவதில்லை.

அதே விண்டோவில் ரா என்பதற்குப் பதில் எல்பிஆர் என்ற இன்னொரு அனுப்பும் முறை தேர்வாகி, எல்பிஆர் பைட் கவுன்டிங் எனேபிள்டு என்பதில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்பிஆர் முறையில் ஃபைலின் மொத்த அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதனால் இந்த டிக் இருந்தால் முழு ஃபைலையும் எண்ணி முடித்த பிறகே முதல் பைட் கிளம்பும். 1 பக்கத்துக்குத் தெரியாது, 300 பக்க அறிக்கைக்கு நன்றாகவே தெரியும்.

போர்ட் எல்லாம் சரி, ஆனாலும் சில நேரம் மட்டும் நிற்கிறதா? அப்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, யாராவது சர்வரைத் தொடாமல் தன் லேப்டாப்பில் நேராக பிரிண்டரின் ஐபியைப் போட்டு வைத்திருக்கிறார்களா. 9100-இல் பிரிண்டர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஜாப்பைத்தான் வாங்கும். அவர் 200 பக்கம் அனுப்பினால் சர்வர் வாசலில் நிற்கும், சர்வர் கியூவிலோ அவர் பெயர் தெரியாது. ஆனால் பிரிண்டரின் வெப் பேஜில் உள்ள ஜாப் லாகில் தெரியும். இரண்டு, ஐபி மோதல். பிரிண்டரை அணைத்துவிட்டு அதன் ஐபியை பிங் செய்யுங்கள். அணைத்த பிறகும் பதில் வந்தால் அந்த ஐபியை வேறொரு சாதனமும் வைத்திருக்கிறது. கமாண்ட் விண்டோவில் ஏஆர்பி -ஏ கொடுத்தால் அதன் மேக் முகவரி கிடைக்கும், அதை வைத்து ஸ்விட்சில் எந்த போர்ட் என்று தேடலாம்.

அறிகுறி: சும்மா இருந்த பிறகு வரும் முதல் ஜாப் மட்டும் தாமதம்

காலையில் முதலில் பிரிண்ட் எடுப்பவர்தான் எப்போதும் புகார் சொல்வார், அவருக்குப் பின்னால் எடுப்பவர்கள் "எனக்கு நல்லாத்தானே வருது" என்பார்கள். பிரிண்டர் ஸ்லீப்பில் இருந்து எழுகிறது, ஃப்யூசர் (டோனரைச் சூட்டில் தாளில் ஒட்டும் பாகம்) சூடாக வேண்டும், இது எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஸ்லீப் நேரத்தைக் கூட்டி வைத்தால் குறையும். ஆனால் தாமதம் ஏறக்குறைய 30 விநாடி, ஒவ்வொரு முறையும் அதே 30 என்றால் ஃப்யூசரை விட்டுவிட்டு ஸ்விட்சைப் பாருங்கள்.

நடப்பது இதுதான். ஆழ்ந்த ஸ்லீப்பில் போகும்போது பல பிரிண்டர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எழும்போது திரும்ப ஏற்றும். வேகம் மாறும் ஒவ்வொரு முறையும் லிங்க் ஒரு கணம் அறுந்து மறுபடி வருகிறது. ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் முறை) ஓடிக்கொண்டிருந்தால், லிங்க் வந்ததும் அது அந்த போர்ட்டை உடனே திறந்துவிடாது. இந்தப் பக்கம் இன்னொரு ஸ்விட்ச் இருந்து வளையம் உருவாகுமோ என்ற பயத்தில் லிஸ்டனிங் நிலையில் 15 விநாடி, லேர்னிங் நிலையில் இன்னொரு 15 விநாடி வைத்திருக்கும். அதுவரை ஒரு பைட் கூட உள்ளே போகாது. ஸ்விட்ச் போர்ட்டின் விளக்கு சில ஸ்விட்ச்களில் அந்த 30 விநாடியும் ஆரஞ்சாக இருந்து பிறகு பச்சையாவதை நேரிலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டால் வேறு ஆதாரம் தேவையில்லை.

பிரிண்டர் மாட்டியிருக்கும் போர்ட்டில் சிஸ்கோ என்றால் போர்ட்ஃபாஸ்ட், மற்றவற்றில் எட்ஜ் போர்ட் என்ற அமைப்பை இயக்குங்கள். அந்த போர்ட்டுக்குப் பின்னால் சின்ன ஸ்விட்ச் எதுவும் மாட்டவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், மேசைக்கடியில் யாராவது 5 போர்ட் ஸ்விட்சை ஒளித்து வைத்திருப்பது அபூர்வமல்ல.

அறிகுறி: சின்ன ஃபைல் வருகிறது, பெரிய ஃபைல் தவழ்கிறது

முதல் சந்தேகம் டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை, அதாவது ஒரு முனை ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேச (ஃபுல்), மறுமுனை ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசுவது (ஹாஃப்). ஸ்விட்சிலோ பிரிண்டரிலோ ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கையால் கட்டிவைத்து, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் எதிர்முனையின் டூப்ளெக்ஸைத் தெரிந்துகொள்ள முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் அழகாகப் போகும், அதனால்தான் இது ஆளை ஏமாற்றுகிறது. டேட்டா கனமாக ஓடும்போதுதான் மோதல். ஸ்விட்சின் போர்ட் கவுன்டரில் லேட் கொலிஷன் அல்லது சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்டோ, அவ்வளவுதான். கையால் கட்டினால் உறுதியாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது.

அடுத்து ஃபைலின் அளவு. 307 பதிவில் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று சொன்னது இதற்குத்தான். ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐயில், கலரில், சுருக்காமல் படமாக்கினால் கிட்டத்தட்ட 3 கோடியே 48 லட்சம் புள்ளி, புள்ளிக்கு 3 பைட், ஆக ஏறத்தாழ 104 எம்பி. 100 எம்பிபிஎஸ் லைனில் அது போய்ச் சேரவே 8 விநாடிக்கு மேல். டிரைவர் சுருக்கித்தான் அனுப்பும் என்றாலும், பிடிஎஃப்பில் டிரான்ஸ்பரன்சியும் நிழலும் பெரிய ஸ்கேன் படமும் இருந்தால் எழுத்தாகப் போக வேண்டியதெல்லாம் படமாகவே போய்ச் சேரும். 3 எம்பி பிடிஎஃப் கியூவில் 200 எம்பியாக நிற்பது இப்படித்தான்.

என்ன செய்யலாம்? அதே பிரிண்டரை அதே போர்ட்டில் இன்னொரு பெயரில், வேறு டிரைவரோடு சேருங்கள். டிரைவர் பக்கத்தை பிரிண்டருக்குச் சொல்லும் மொழி இப்போது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றால் பிசிஎல் 6, பிசிஎல் 6 என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட். ஒரே ஃபைலை இரண்டிலும் அனுப்பி நேரத்தைப் பாருங்கள். எது வேகம் என்பது பிரிண்டரையும் ஃபைலையும் பொறுத்தது, பொது விதி கிடையாது. அடோபி ரீடரில் பிரிண்ட் ஆஸ் இமேஜ் என்ற டிக்கை யாரோ எப்போதோ ஒரு எழுத்துருப் பிரச்சினைக்காகப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், அதையும் பாருங்கள். டிபிஐ 1200-இல் இருந்தால் 600-க்கு இறக்குங்கள், புள்ளிக் கணக்கு நாலில் ஒன்றாகிவிடும். சாதாரணக் கடிதத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

அட்வான்ஸ்டு டேபில் "ஸ்டார்ட் பிரிண்டிங் ஆஃப்டர் லாஸ்ட் பேஜ் இஸ் ஸ்பூல்டு" என்பது தேர்வாகியிருந்தால் கடைசிப் பக்கம் கியூவுக்கு வந்த பிறகே முதல் பக்கம் கிளம்பும். "ஸ்டார்ட் பிரிண்டிங் இமீடியட்லி" என்று மாற்றுங்கள். ஷேரிங் டேபில் "ரெண்டர் பிரிண்ட் ஜாப்ஸ் ஆன் கிளையன்ட் கம்ப்யூட்டர்ஸ்" என்பதற்கும் டிக் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாருடைய பக்கத்தையும் உருவாக்கும் பளு ஒரே சர்வர் மேல் விழும்.

அறிகுறி: விளக்கு மின்னுகிறது, தாள் வரவில்லை

பிரிண்டரின் திரையைப் படியுங்கள். நிஜமாகவே பலர் படிப்பதில்லை. "லோட் லெட்டர்" என்று அது கேட்டுக்கொண்டிருக்கும், ட்ரேயில் இருப்பது ஏ4. ஆவணத்தின் பக்க அளவு லெட்டராக இருந்தால் பிரிண்டர் அந்த அளவுத் தாளுக்காகக் காத்து நிற்கும், பின்னால் வரிசையில் உள்ள எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள். சர்வரில் பிரிண்டிங் டிஃபால்ட்ஸில் ஏ4 வையுங்கள். பிரிண்டரிலேயே ஏ4-க்கும் லெட்டருக்கும் மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள்.

திரையில் "புராசஸிங்" என்று மட்டும் இருந்தால் பிரிண்டரின் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது. வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் ஓடும் டேட்டாவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பழக்கம் உள்ளவர்கள் சர்வரில் 9100-ஐப் பிடித்துப் பாருங்கள்: பிரிண்டரிடமிருந்து ஜீரோ விண்டோ என்று வந்துகொண்டிருந்தால் "எனக்கு வயிறு நிரம்பிவிட்டது, அனுப்பாதே" என்று பிரிண்டரே சொல்கிறது. நெட்வொர்க் நிரபராதி. மெமரி கூட்ட முடிந்தால் கூட்டுங்கள், முடியாவிட்டால் மேலே சொன்ன டிரைவர், டிபிஐ மாற்றம்தான்.

அறிகுறி: எல்லாருக்கும், எல்லா பிரிண்டரும், ஒரே நேரத்தில்

இப்போதுதான் சர்வரைச் சந்தேகிக்க வேண்டும். சி டிரைவில் இடம் இருக்கிறதா? சிஸ்டம்32 உள்ளே ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில்தான் எல்லா ஜாப்பும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்ற ஃபைல்களாக விழுகின்றன. பழைய தேதியில் ஃபைல்கள் தேங்கிக் கிடந்தால், இங்கே ஸ்பூலரை நிறுத்தி, அவற்றை அழித்து, திரும்பத் தொடங்குவது நியாயமான வேலை. காத்திருக்கும் எல்லா ஜாப்பும் போய்விடும் என்பதால் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரில் எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலையும் ஸ்கேன் செய்தால் அதற்கு விலக்கு கொடுக்கலாம், உங்கள் பாதுகாப்பு விதி அனுமதித்தால். பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு டேபில் ஸ்பூல் ஃபோல்டரையே வேகமான வேறு டிஸ்க்குக்கு மாற்றவும் முடியும். மாற்றம் உடனே அமலாகும், கியூவில் நின்றிருக்கும் ஜாப்கள் அச்சாகாது, ஆகவே கியூ காலியாக இருக்கும்போது.

ஒரே ஒரு மோசமான டிரைவர் மொத்த ஸ்பூலரையும் இழுத்து உட்கார வைக்கும். சர்வர் 2008 ஆர்2 முதல் இதற்கு வழி இருக்கிறது: பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் டிரைவர்ஸ் பட்டியலில் சந்தேகப்படும் டிரைவரை வலது கிளிக் செய்து, டிரைவர் ஐசொலேஷனை ஐசொலேட்டட் என்று வையுங்கள். அது தனி புராசஸில் ஓடும், விழுந்தாலும் அது மட்டும் விழும். டாஸ்க் மேனேஜரில் பிரிண்ட்ஐசொலேஷன்ஹோஸ்ட் என்ற பெயரில் தெரியும், எது சிபியுவைத் தின்கிறது என்பதும் அப்போது தனியாகத் தெரிந்துவிடும்.

லினக்ஸ், கப்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

அளக்கும் முறை அதேதான். லாக் லெவலை டீபக் ஆக்கி எரர் லாகைத் திறந்தால் ஒவ்வொரு ஜாப்புக்கும் எந்த ஃபில்டர் (ஃபைலை பிரிண்டருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் புரோகிராம்) எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று நேரத்தோடு இருக்கும். இரண்டு வரிக்கு நடுவே பெரிய இடைவெளி எங்கே விழுகிறதோ அங்கே கையை வையுங்கள். ஃபில்டரில் விழுந்தால் டிரைவர் அல்லது ஃபைல். தாள் வந்து முடிந்த பிறகும் ஜாப் கியூவில் ஒட்டிக்கொண்டு அடுத்ததை விடவில்லை என்றால், இணைப்பை மூட பிரிண்டர் தாமதிக்கிறது; சாக்கெட் முகவரியின் கடைசியில் வெயிட்இஓஎஃப் மதிப்பை ஃபால்ஸ் என்று சேர்த்தால் கப்ஸ் அதற்காகக் காத்திருக்காது. எஸ்என்எம்பி மூடப்பட்ட பிரிண்டர் என்றால் அதே இடத்தில் எஸ்என்எம்பிக்கும் ஃபால்ஸ் கொடுக்கலாம். மாற்றிய பிறகு டீபக்கை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், லாக் ஃபைல் மளமளவென்று பெருத்துவிடும்.